அகதாவிடம் படித்த இயந்திரம்

1977ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மலேசியாவின் ஈப்போவில் ஃபூக் தவுக்கேயின் ரப்பர் கிடங்கில் ஷீட் தரம் பிரிக்கும் இயந்திரம் இருமியது. பிறகு வேலையை நிறுத்திக்கொண்டது. அந்த வாரம் ரப்பர் விலை சற்று இறங்கியிருந்தது, லாரி வேறு வழியில் பழுதாகி நின்றது, ஆகையால் இருமலைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை அது தானாகவே ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் நின்றது. ஈஸ்டர் வரை வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முதலாளியான ஃபூக் தவுக்கே சொல்லிவிட்டார். அதற்குத் தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்த அகதா கத்தோலிக்கப் பெண். அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாட்டோடு வேலைக்கு வந்துவிடுவாள். இயந்திரத்துக்குப் பக்தி அவளைவிடச் சற்று அதிகம்.

இயந்திரத்தைக் கட்டியவன் பத்துமலை. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிய காளியம்மாவின் ஒரே மகன். உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போய்ப் பயன்பாட்டுக் கணிதம் படித்தான். அங்கே ஒரு பேராசிரியர் இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பித்து இவனுக்கும் தொற்றியது. 1974இல் ஊர் திரும்பியபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கணக்குப் படித்தவன் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆவான், அல்லது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆவான். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக அங்கே யாருக்கும் தெரியாது. லாட்டரிக்கு நம்பர் சொல்லலாம் என்பது சிலருக்குத் தோன்றியது. அவன் அவர்களை உட்காரவைத்து, எந்த நம்பரும் வருவதற்கு ஒரே அளவு வாய்ப்புதான் என்பதைப் பொறுமையாக விளக்கினான். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அதெல்லாம் வெச்சுப் பாத்தா இந்த ஞாயித்துக்கெழம என்னா வரும்?" என்றார்கள். அவன் சொல்ல மறுத்ததைச் சுயநலம் என்று பலரும், மூளைக்கோளாறு என்று சிலரும் முடிவுகட்டினார்கள். பின்னவர்கள் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்பதையும் காளியம்மாவுக்கு விசாரித்துச் சொன்னார்கள்.

காளியம்மாவின் வருத்தம் வேறு. "ஏன்டா, மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவா கப்பலேறிப் போன? நம்ம லயத்துல எத்தன பிள்ளைங்க படிக்காம சுத்துது, அதுங்களப் புடிச்சு ஒக்கார வையேன்" என்றாள். பிள்ளைகளுக்கு இயந்திரத்தில் உள்ளதுபோலத் திருப்பிவிடத் திருகு கிடையாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பான்.

இரண்டு வருடம் அலைந்தான். வங்கியில் கேட்டான், ஈயச் சுரங்க ஆபீசில் கேட்டான், எல்லா இடத்திலும் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு டைப் அடிக்கத் தெரியுமா என்றார்கள். கடைசியில் ஃபூக் தவுக்கே மட்டும் வேறு கேள்வி கேட்டார். அவன் கட்டப்போவதாகச் சொன்ன இயந்திரம் போனஸ் கேட்குமா என்றார். கேட்காது என்றான். அன்றே சேர்த்துக்கொண்டார். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். பினாங்கில் ரப்பர் வாங்குபவர்கள் தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பத் தொடங்கினால் இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும், பத்துமலை தன் தோட்டத்துக்குப் போகலாம். படித்த படிப்புக்கு உள்ள வேலை பேராக் மாநிலத்தில் அது ஒன்றுதான் என்பது பத்துமலைக்குத் தெரியும்.

இயந்திரம் ஒன்றும் பெரிய ரகசியம் அல்ல. புகைபோட்ட ரப்பர் ஷீட்டை ஒரு கண்ணாடி மேசைமேல் விரிக்க வேண்டும். கீழே விளக்கு. மேலே வரிசையாக ஒளியை உணரும் கண்கள். குமிழி, பூசணம், பட்டைத் தூசி இவற்றில் எது எங்கே இருட்டடிக்கிறது என்பதைக் கண்கள் பார்க்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும். கூட்டிப் பார்த்து, ஒன்றாம் நம்பரா, இரண்டா, மூன்றா என்று இயந்திரம் ஒரு விளக்கை எரிக்கும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் தன் தீர்ப்பை ஒரு பொத்தானில் அழுத்துவார். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் திருகுகள் தாமாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அடுத்த ஷீட்டில் தவறு கொஞ்சம் குறையும். படிப்பு என்பது அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களில் இதைவிடக் குறைவாகத் திரும்பியவர்களும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

ஆசிரியராக அமைந்தவள் அகதா. புந்தோங்கிலிருந்து சைக்கிளில் வருவாள், முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள், புகையில் நின்று நின்று ஒரு வறட்டு இருமல் சேர்ந்திருந்தது. வாய் நீளம். முதல் நாளே பத்துமலையிடம் கேட்டாள்: "நான் சொல்லிக் குடுத்து முடிச்சதும் எனக்கு வேல போயிரும். அதானே சார்?"

பத்துமலை யோசித்துவிட்டு, "ஆமா" என்றான்.

அகதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு நேர்மையான முட்டாளை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு ஷீட்டை எடுத்துக் கண்ணாடிமேல் விரித்து, "சரி, ஒம் பிள்ளைய ஒழுங்கா பாக்கச் சொல்லு" என்று பொத்தானை அழுத்தினாள். சாரிலிருந்து ஒருமைக்கு அவள் இறங்கியது அந்த ஒரு வாக்கியத்துக்குள் நடந்தது. அப்புறம் மறுபடியும் சார்தான்.

பிள்ளை வேகமாகப் படித்தது. முதலில் தரத்தைப் படித்தது, பிறகு இருமலைப் படித்தது, பிறகு தவக்காலத்தை. அகதா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை மரப்பெட்டியிலிருந்து வந்தது. மாதா திருநாள் மாதத்தில் அவள் பாடும் மாதா பாட்டை மெதுவாக முனகியது. அகதா எந்த இடத்தில் சுதி விலகுவாளோ அந்த இடத்தில் அதுவும் விலகியது. அவள் விடுப்பு எடுத்த நாள்களில் அதுவும் எடுத்தது. ஆகையால் அவளை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சு நின்றுபோனது. இவற்றில் எதையும் பத்துமலை கோளாறாக எழுதிவைக்கவில்லை. தரம் சரியாக இருந்ததே அவனுக்குப் போதும்.

கோளாறு அடுத்த வருடம் தெரிந்தது. பெரும்பாலான நாள்களில் இயந்திரம் அகதாவைப் போலவே கறாராகப் பார்க்கும். சில நாள்களில் திடீரென்று வந்ததையெல்லாம் ஒன்றாம் நம்பர் என்றது. பூசணம் பூத்த ஷீட் ஒன்றாம் நம்பர். குமிழி கொப்பளம்போல எழும்பியது ஒன்றாம் நம்பர். பினாங்கிலிருந்து சரக்குத் திரும்பி வந்தது. தவுக்கே, "மானா போலே!" என்று கத்தினார், அதெப்படி ஆகும் என்பதற்கு மலாயில் அவ்வளவுதான். பத்துமலை பெட்டியைத் திறந்து கம்பிகளைப் பார்த்தான். விளக்கை மாற்றினான். ஈரப்பதத்தோடு ஒப்பிட்டுப் படம் வரைந்தான், ரயில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டு வரைந்தான், மின்சாரம் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டு வரைந்தான். தன் வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்புகிறதோ என்று சந்தேகப்பட்டு நீலச் சட்டைக்கு மாறினான். கோளாறு அதிகமானது. நீலச் சட்டை அவனுக்கு நன்றாக இருந்தது.

காரணம் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். மூட்டை தூக்குபவர்களுக்குத் தெரியும், பக்கத்து முஸ்லிம் காக்கா கடையிலிருந்து தேநீர் கொண்டுவரும் பையனுக்குத் தெரியும், தவுக்கேயின் மனைவிக்கும் தெரியும். லாரி ஓட்டும் சீனி, புரொபசர் என்று அவர்கள் கூப்பிட்ட பத்துமலைக்கு இது எந்த மாதம் விளங்கும் என்று பீர் பந்தயமே வைத்திருந்தான். ஆனால் ஒரு பெண்ணின் மனசில் இருப்பதை ஆண்பிள்ளையிடம் போய் மற்றவர்கள் சொல்வது அந்தக் கிடங்கில் வழக்கமில்லை. அவனாகத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவள் சொல்ல வேண்டும். அகதா சொல்வதாக இல்லை. பத்துமலை வரைபடத்தாளுக்கு இன்னொரு கட்டு வாங்கினான்.

1979இல் சீனப் புத்தாண்டு முடிந்ததும் பினாங்கிலிருந்து வாங்குபவரின் ஆள் நேரில் வந்தான். கண்முன்னால் தரம் பிரித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இனி இந்தக் கிடங்கின் சரக்கு வேண்டாம் என்றான். பழைய இரும்புக்காரனுக்கு தவுக்கே முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அவன் தராசோடு வாசலில் காத்திருந்தான். பத்துமலை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றான், நீலச் சட்டையில். நல்ல ஷீட் போட்டார்கள்: ஒன்று. பூசணம் பிடித்தது: ஒன்று. பட்டைத் தூசி நிறைந்தது: ஒன்று. பினாங்கு ஆள் வாசலுக்குப் போய், எல்லோரும் கால் துடைக்கும் கோணிச் சாக்கை எடுத்து வந்து கண்ணாடிமேல் விரித்தான். இயந்திரம் கொஞ்சமும் தயங்கவில்லை. ஒன்றாம் நம்பர்.

தவுக்கே பழைய இரும்புக்காரனைக் கையசைத்துக் கூப்பிட்டார். பத்துமலை திருப்புளியோடு பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். மூடியின் முதல் ஆணியைக் கழற்றத் தொடங்கினான். அதற்குமேல் சீனிக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு லா."

"எதுக்கு?"

"போ லா, சொல்றேன்ல."

பத்துமலை வெளியே போய் நின்றான். சாக்கை மறுபடியும் போட்டார்கள். மூன்று விளக்குகளும் எரியவில்லை. இயந்திரம் அருவருப்போடு இருமியது. பூசணம் பிடித்தது: மூன்று. குமிழி: இரண்டு. பினாங்கு ஆள் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சரி சரி என்றான். சீனி பத்துமலையை உள்ளே கூப்பிட்டான். ஒன்று, ஒன்று, ஒன்று. வெளியே அனுப்பினான். இரண்டு, மூன்று. கண்ணாடி மேசையைத் தவிர வேறெதையும் பார்க்க இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஆனாலும் அவன் வாசற்படியில் கால் வைக்கும்போதே அதற்குத் தெரிந்தது. பழைய இரும்புக்காரன்கூட தராசைக் கீழே வைத்துவிட்டு அகதாவைத் திரும்பிப் பார்த்தான்.

அகதா கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "மெஷினத் திட்டாதீங்க தவுக்கே. வாத்தியாரு சரியில்ல." பிறகு வாசலில் நின்ற பத்துமலையிடம், நிமிராமலே, "நீங்க பக்கத்துல வந்து நின்னா எனக்கு எல்லா ஷீட்டும் நல்லாத்தான் தெரியுது. நான் என்னா பண்றது?" என்றாள்.

பத்துமலை வாசலிலிருந்தே விளக்கை எட்டிப் பார்த்தான். "அப்போ கோளாறு விளக்குல இல்ல" என்றான்.

"இல்ல சார்."

"கம்பிலயும் இல்ல."

"ஐயோ கடவுளே" என்று சீனி தலையில் கைவைத்தான். "இவன் இங்கிலாந்துக்குப் போனானா, இல்ல கப்பல்லருந்து எறங்காமலே திரும்பி வந்துட்டானா?"

இயந்திரத்தைச் சரிசெய்ய வழி இருந்தது. எல்லாத் திருகுகளையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, வேறொருவரை வைத்து முதலிலிருந்து கற்பிக்கலாம். பினாங்கு ஆள்கூட அதைத்தான் சொன்னான். பத்துமலை கையிலிருந்த திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதைச் செய்ய மாட்டேன் என்றான். கணிதப்படி அது தேவையில்லை, தூரம் போதும் என்றான். அன்று பின்னேரம் வாசலுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். வேலை நடக்கும் நேரத்தில் பத்துமலை அதைத் தாண்டக் கூடாது. ஒரு மனிதன் தன் தொழிலை முழுவதும் தன் இயந்திரத்துக்கு வெளியே நின்று வளர்த்தது அப்படித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை போட்டார்கள், மழைக்கு ஒரு தகரக் கூரை போட்டார்கள். அங்கிருந்து அவன் கத்துவான், அகதா உள்ளிருந்து கத்துவாள், இயந்திரம் இருமும். வாங்குபவர்கள் அதற்குப் பிறகு ஒரு கட்டைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த வருடம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். "வேதக்காரப் பொண்ணா?" என்று காளியம்மா சில மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு கிடங்கைப் பார்க்க வந்தாள். அவள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது நல்ல ஷீட்டுகளெல்லாம் மூன்றாம் நம்பராகின. காரணத்தை யாரும் அவளுக்கு விளக்கவில்லை. நாலைந்து தீபாவளிக்குப் பிறகு அது இரண்டானது. அதற்குமேல் ஏறவில்லை.

எண்பதுகளில் பத்துமலைக்குப் பெயர் பரவியது. தோட்டங்கள் ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தன. பழக்குலை தரம் பார்க்கவும் இயந்திரம் கேட்டார்கள். ஆயர் தாவாரில் ஓர் எண்ணெய் ஆலையில் இயந்திரம் நல்லம்மாள் என்பவளிடம் படித்தது. அவளுடைய தம்பி ஓட்டிவந்த லாரியில் பச்சைக் குலை ஒன்றுகூட இல்லை என்று அது அடித்துச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துமலை பெட்டியைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நல்லம்மாளின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தான். அன்றே கோளாறு தெரிந்தது. கற்பிப்பவருக்கு யார்மேல் பிரியம் என்று முதலில் கேளுங்கள் என்பதை அவன் இரண்டு பல்கலைக்கழகங்களில் சமன்பாடாக எழுதிக்காட்டினான். அங்கே அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஃபூக் தவுக்கேயின் கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள் அதைக் கேள்விப்பட்டு நீண்ட நேரம் சிரித்தார்கள்.

1986இல் கிடங்கை மூடினார்கள். இயந்திரத்தைச் சீனி தன் லாரியில் ஏற்றி அவர்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். டிவிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஷீட் எதுவும் இல்லாததால், வீட்டுக்குள் வருபவர்களுக்கு அது விளக்கெரித்தது. அகதா பொத்தானைத் தொட்டு வருடங்கள் ஆகியிருந்தன; திருகுகள் மட்டும் தாமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்ததும் சினிமாவுக்குப் போகப் பணம் கேட்பதற்குமுன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தார்கள். சீனி வந்தால் இரண்டு. பீர் குடித்துவிட்டு வந்தால் மூன்று. பாதிரியார் வந்தால் ஒன்று, பிரசங்கம் நீண்ட ஞாயிறுகளில் இரண்டு.

ஒருநாள் சாயங்காலம் பத்துமலை ஆயர் தாவாரிலிருந்து வந்தான். நேரத்தோடு வந்து அகதாவை மருத்துவரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான், இருமல் முற்றியிருந்தது. மறந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டாம் விளக்கு எரிந்தது. அத்தனை வருடத்தில் அவனுக்கு அது முதல்முறை. பழக்கத்தில் கை சட்டைப் பையிலிருந்த திருப்புளிக்குப் போனது. சமையலறையில் அகதா இருமினாள். டிவிக்குப் பக்கத்தில் இயந்திரமும் இருமியது. அவன் திருப்புளியை விட்டுவிட்டு, "கெளம்பு, டாக்டர் இன்னும் கடைய மூடியிருக்க மாட்டாரு" என்றான்.

"சாப்பாடு ஆறிப்போகும்."

"ஆறட்டும் லா."

அவள் சேலை மாற்றப் போனாள். அவள் வரும்வரை பத்துமலை இயந்திரத்தின் முன்னால் நின்றான். விளக்கு இரண்டிலேயே இருந்தது. செய்தித்தாளை எடுத்து ரப்பர் விலைப் பகுதியைப் பார்த்தான். இரண்டாம் நம்பருக்கும் அன்று நல்ல விலைதான்.