தவளைத் தளபதியின் கறுப்புப் பட்டை

போர்வையை விரித்த மறுநொடிதான் நான் செய்த தப்பு எனக்குத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. என் போர்வையில் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்த தவளைத் தளபதிக்கோ இடது கண்ணில் கறுப்புப் பட்டை.

அவள் கேட்டதே அந்த ஒன்றுதான். மருத்துவமனையில் நெடுநாள் கிடக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவத்தைப் போர்வையில் பின்னிக் கொடுக்கும் சங்கம் ஒன்றை என் அண்ணி நடத்துகிறார். யாருக்கு எந்த உருவம் வேண்டும் என்று கேட்டுவந்து, குரோஷா பின்னத் தெரிந்த எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இவள் தவளைத் தளபதியைக் கேட்டாள். தொலைக்காட்சியில் அந்தத் தவளைக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு எந்தக் கண்ணில் கட்டோ அதே கண்ணில் அதுக்கும் பட்டை போடணும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் பீச்சாங்கைக்காரி. குரோஷா ஊசியும் இடது கையில்தான். அண்ணி கொடுக்கும் கட்டம் போட்ட படத்தாளோ வலதுகைக்காரர்களுக்கானது. அதில் உள்ளபடியே நான் பின்னினால் வரிசை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும், படம் இடம் வலமாகப் புரண்டுவிடும். இது எனக்குத் தெரியாததில்லை. வழக்கமாகத் தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, அதைப் பார்த்துத்தான் பின்னுவேன். தவளைக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மூஞ்சிதானே என்று இந்தத் தடவை ஒரு மெத்தனம். பட்டையை மறந்தே போனேன். பின்னி முடித்ததும் என் கணவர் பார்த்துவிட்டு, தவளை அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கிறது என்றார். அந்தச் சண்டையில் கண் எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது?

இதில் கொடுமை என்னவென்றால், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இடது எது வலது எது என்று தெரியாமல் சாலைக்கு வருகிறீர்களே என்று நாளெல்லாம் அடுத்தவர்களைத் திட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. விழுந்தேன்.

லிஃப்டில் வரும்போதே அண்ணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். குழந்தைக்கு அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்களாம். அது அவளுக்குத் தெரியாது. கண் உள்ளே தூங்குகிறது, ஒருநாள் விழித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். குளியலறைக் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாளை ஒட்டிவிட்டாள். முகம் தெரிகிறது என்று எவர்சில்வர் தம்ளரைக்கூட வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். கட்டு மாற்ற நர்ஸ் வந்தால் அந்த அம்மா அறையை விட்டு வெளியே போய்விடுவாள்.

"உனக்கு ஓட்ட வாய். உள்ள போய் கண்ணாடின்னு ஒரு வார்த்தை பேசிடாதே" என்றார் அண்ணி.

அந்த வாய்தான் இப்போது அடைத்துப்போய் நின்றது. அண்ணி தவளையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கினேன். கட்டில் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. பரவாயில்லைங்க, ரொம்ப அழகா இருக்கு என்றாள். அவள் முகம் விழுந்துவிட்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. பட்டையை மட்டும் பிரித்து இந்தப் பக்கம் மாற்றிவிடுகிறேன், நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று போர்வையை இழுத்தேன்.

குழந்தை விடவில்லை. வலது கையால் தன் கட்டைத் தொட்டாள். அதே கையை நேராக நீட்டித் தவளையின் பட்டையைத் தொட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடுமா? தவளை நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது, அதனால் அதற்கு அது இடது கண் என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஒன்றும் தெரியாத மாணவர்களை நான் பார்ப்பதுபோல அவள் என்னைப் பொறுமையாகப் பார்த்தாள். குனியச் சொல்லி என் காதில் வாயை வைத்தாள்.

"கண்ணாடில பாத்தா இந்தப் பக்கம்தான் இருக்கு. ஒரு நாள் கட்டு நழுவிடுச்சு, அப்ப பாத்தேன். கண்ணு தூங்கல ஆன்ட்டி. அங்க கண்ணே இல்ல. அம்மாகிட்ட சொல்லாதீங்க, அழுவாங்க."

கை கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனேன். கண்ணாடியில் ஒட்டிய தாளில், என் இடுப்பு உயரத்துக்கு, ஒரு மூலை கிழிந்திருந்தது. கிழித்ததைத் திரும்ப மூடி, கட்டுப் போடும் பிளாஸ்திரித் துண்டால் ஒட்டியிருந்தாள். பிளாஸ்திரியில் பசையே இல்லை, அத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறாள். குனிந்து அதை விலக்கினேன். உள்ளிருந்து என் கண் என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள், உங்களிடம் அப்படி என்ன ரகசியம் சொன்னாள் என்று. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"அந்தப் பேப்பரை எடுத்துடுங்க" என்றேன்.

அண்ணி என் கையை நறுக்கென்று கிள்ளினார். சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல என்று குழந்தை என்னை முறைத்துவிட்டுப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குளியலறைக்குள் போனாள்.

தாள் கிழிபடும் சத்தம் நீளமாகக் கேட்டது. அடுத்து அழுகைச் சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மகளைத்தான் கூப்பிட்டாள். குழந்தை கட்டிலிலிருந்து இறங்கி, தவளையைத் தோளில் போர்த்திக்கொண்டு, போர்வை தரையில் புரள உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. அம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் கண்ண நான் இன்னும் பாக்கவே இல்லடி" என்றாள். "எனக்குத்தான் பயம்."

குழந்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் ஒரு பக்கத்தை அவள் மேலும் போர்த்தினாள்.

"மொத தடவ மட்டும்தாம்மா பயமா இருக்கும்."