மேற்குப் பார்த்த வீடு

ஜட்ஜம்மா குறை சொல்வதை நிறுத்தி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு அவளை முன்பு தெரியாது.

அந்தப் பட்டப்பெயர் புருஷன் வைத்தது. காலை டீக்கு ஒரு தீர்ப்பு, மாடி வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் சத்தத்துக்கு ஒரு தீர்ப்பு, நாத்தனார் போட்டிருக்கும் செருப்புக்குக்கூட ஒரு தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் திரையைத்தான் பார்ப்பாள். விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் சோறு போடுவதற்குள் அவர்கள் வீட்டுத் திரை வழக்கில் தோற்றிருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளுக்குள் அவருக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது.

அவர்கள் இருந்த ஊரில் மேகம் விருந்தாளி மாதிரி வந்து போவதில்லை, வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி தங்கிவிடும். தையல் கடையும் நிலவறையில். பகலெல்லாம் டியூப்லைட். அங்கே உட்கார்ந்து மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் எப்போது மரத்துப்போனாள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அழவில்லை, படுத்த படுக்கையாகவும் கிடக்கவில்லை. வேலைக்குப் போனாள், சமைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆள் மொத்தமும் மரத்திருந்தாள். அழுதிருந்தாலாவது பிடித்து உலுக்கியிருக்கலாம்.

புருஷனுக்கு விஷயம் உறைத்தது ஒரு டீயில். தூக்கக் கலக்கத்தில் டீ போட்டவர் சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். அவள் குடித்து முடித்து டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அவர் தன்னுடையதை வாயில் வைத்தார், துப்பினார்.

"உப்பு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதும். அன்றைக்கே லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை, வாரம் ஒரு முறை பேச்சு எல்லாம் நடந்தது. கொஞ்சம் தூக்கம் வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. முடிந்தால் வெயில் உள்ள ஊராகப் பார்த்துப் போங்கள், இவங்களுக்கு வெளிச்சம் பட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் போனிலேயே சிரித்தாள். மனுஷங்க என்ன துவைச்ச துணியா, வெயில்ல போட்டு எடுக்க என்று கேட்டாள். பழைய ஜட்ஜம்மாவாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு நாத்தனாரைக் கூண்டில் ஏற்றியிருப்பாள். இப்போது அவள் போனைப் புருஷனிடம் நீட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

நல்ல காலம், கம்பெனிக்கு வெயில் கொளுத்தும் ஒரு ஊரில் ஆள் தேவைப்பட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் அதேதான், அந்தச் சம்பளத்துக்குள் வீடு அமைய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய வைராக்கியம். இப்போதிருக்கும் இருட்டு ஊருக்கு வந்தது அவர் தனியாக எடுத்த முடிவு. இந்த முறை அவள் வாயால் ஒரு வார்த்தை வராமல் சரி சொல்வதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். அவளோ எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றாள். வார்த்தை வராவிட்டால் இருட்டு ஊரிலேயே மூன்றாவது குளிர்காலம். அதை அவள் தாங்குவாளா என்று டாக்டரைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊரில் இறங்கினார்கள். சாயங்காலம் திரும்பும் பஸ். வீட்டுத் தரகர் வாய் ஓயாத மனிதர். மெக்கானிக் அவரிடம் மலிவாக, காற்றோட்டமாக ஒரு வீடு வேண்டும் என்று மட்டும் சொன்னார். பெண்டாட்டிக்கு மனசு சரியில்லை, வெயில் தேடி வந்திருக்கிறோம் என்று முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது? கூச்சம். அந்தக் கூச்சத்தால் பாதி நாள் பாழாய்ப்போனது. வெயிலுக்குப் பயந்து ஓடுகிறவர்களையே ஆயுசு முழுக்கப் பார்த்த தரகர், வாடகைக்குள் அடங்குகிற இருட்டு மூலைகளையெல்லாம் தேடித் தேடிக் காட்டினார். ஒரு வீட்டை அடைத்துக்கொண்டு மரம், இன்னொன்றைச் சுற்றி மூன்று பக்கமும் கட்டடம். "உள்ள வெயில் எட்டிப் பாக்காதுக்கா" என்று நெஞ்சை நிமிர்த்தினார். மெக்கானிக்கின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அவள் பின்னாலேயே வந்தாள், சொன்ன இடத்தில் நின்றாள், கிளம்பலாம் என்றால் கிளம்பினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தரகர் வேண்டாவெறுப்பாக ஒரு கடைசி வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாடியில் இரண்டு அறை. இவர்களைக் கீழேயே நிறுத்திவிட்டு முன்னால் ஓடிப்போய்ப் பெரிய அறையின் திரையை இழுத்து மூடி, மின்விசிறியைச் சுழலவிட்டு, விளக்கையும் போட்டு வைத்தார். இவர்கள் உள்ளே வந்தபோது அறை நிலவறைக் கடை மாதிரியே இருந்தது.

"எவ்வளவு குளுமை பாருங்க," என்றார்.

மெக்கானிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இதுவும் வேண்டாம், பஸ்ஸுக்குப் போகலாம் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். சும்மா நின்றால் அவள் கை பக்கத்தில் தொங்கும் துணியைத் தொடும், பழக்கதோஷம். திரையின் ஒரு மடிப்பை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். துணி மாவாக உதிர்ந்தது.

அவள் ஊரில் திரை ஈரத்தில் கெடும், கீழ் ஓரத்தில் பூஞ்சை பிடித்து மேலே ஏறும். இது மேலிருந்து கீழ்வரை மொத்தமாக இற்றுப்போயிருந்தது. மடிப்பைப் பிரித்தாள். உள்ளே ஒளிந்திருந்த பகுதி கரும்பச்சை, வெளியே தெரிந்த பகுதி வெளுத்துப் பழுப்பாகியிருந்தது.

"இதை யாரு தச்சது?"

அவளாக வாய் திறந்து கேட்டதில் மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். முன்னால் குடியிருந்தவர்கள் போட்டது என்றார் தரகர்.

"மேற்கு ஜன்னல். உள்ள அஸ்தர் துணி கொடுக்காம ஒத்தைத் துணியில தச்சிருக்காங்க. வெயில் அப்படியே தின்னுடுச்சு."

தரகர் மாட்டிக்கொண்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் வெயில் வரும் என்றார். பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, கொஞ்சம் இல்லை, பொழுது சாயும் வரை அடிக்கும், ஒருத்தரும் இங்கே நிலைத்ததில்லை, வாடகை குறைவே அதனால்தான் என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

அவள் திரையை ஒதுக்கப் பார்த்தாள். இற்ற துணி வளையத்திலிருந்து கிழிந்து கையோடு வந்துவிட்டது. வெயில் அறைக்குள் முழுதாக இறங்கியது. சுவர், தரை, தரகரின் செருப்பு எல்லாவற்றிலும் விழுந்தது. அவள் மேலும் விழுந்தது.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மனசு லேசாகவில்லை, சந்தோஷம் பொங்கவில்லை. உள்ளே அதே மரத்த கன்னம்தான். வெளிச்சம் கூசிக் கண்ணில் நீர் வந்தது, கை சூடானது. கிழிந்த துணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

மெக்கானிக் பக்கத்தில் வந்தார். "இங்க வந்துடலாமா? நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

கிழிந்த துணியை மடித்தாள். "வேணும்னு தோணல. வேண்டாம்னும் தோணல," என்றாள். பொய் சொல்லக்கூட அவளிடம் தெம்பு இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கீழே தெருமுனையில் ஒரு டீக்கடை. வீடு கைநழுவினாலும் தரகர் மரியாதை தெரிந்தவர், டீ சொன்னார். நிழலில் இடம் இல்லை, வெயிலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு ஆபீசில் எப்படி முடியாது என்று சொல்வது என்று மெக்கானிக் மனதுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தார்.

அவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது.

"இதை மனுஷன் குடிப்பானா?" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ஒரே சக்கரைப் பாகு. இங்க குடிவந்தா டீ வீட்லதான்."

டீக்கடைக்காரர் முறைத்தார். தரகர் அவசரமாக வேறு டீ போடச் சொன்னார். மெக்கானிக் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. அவள் தள்ளி வைத்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். தீர்ப்பு சரிதான், வாயில் வைக்க முடியவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்துவிட்டு, வீட்டுச் சாவி எப்போது கிடைக்கும் என்று தரகரிடம் கேட்டார்.