பூங்கோதையின் ஒயர்

பரமசிவம் வரும்போது ஒரு டப்பா ஆக்ரா பேட்டா, பூசணி மிட்டாய், வாங்கி வந்தார். பாகு மூடி வழியாகக் கசிந்து அவர் விரல்களில் ஒட்டியிருந்தது. அந்த விரல்களாலேயே மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாசிலாமணி மெதுவாக உருவிக்கொண்டு, அவர் பார்க்காத நேரத்தில் பேண்டில் துடைத்தான்.

மனைவி பூங்கோதை போய் ஐந்து மாதம். இந்த ஐந்து மாதமாக யார் தொட்டாலும் அவனுக்கு இப்படித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களின் வாய் நாற்றம், அவர்கள் வைத்துவிட்டுப் போன வாழைப்பழம் மேஜையில் கறுத்துப்போவது, ஆபீஸ் கேண்டீனில் பக்கத்து ஆள் விரலைச் சூப்புவது எல்லாமே குமட்டின. அழுகை மட்டும் வரவில்லை.

"தம்பி, சுத்தி வளைக்காமக் கேக்கேன். ஒங்க வீட்டுல அந்த ஒயர் இருக்குன்னு ஆஸ்பத்திரி பாலு சொன்னாரு" என்றார் பரமசிவம்.

"எந்த ஒயர்?" தெரிந்துகொண்டே கேட்டான்.

"நெஞ்சுக்குள்ள விட்டுப் பாக்கது."

பரமசிவம் சரோஜினி நகர்க்காரர். ராணுவக் கணக்கு ஆபீசில் சூப்பர்வைசர். ஒரே பெண் ஜெயலட்சுமிக்குப் பதினேழு வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி இருநூறுக்கு எகிறும், மயங்கி விழுவாள். பூங்கோதைக்கும் அதே வியாதிதான். இதயத்தில் மின்சாரம் போவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு திருட்டு வழி இருக்கும், குடிசைக்காரர்கள் கம்பத்தில் கொக்கி மாட்டி லைன் இழுப்பது போல. அந்தக் கொக்கி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அறுத்துவிட முடியும். அதற்காகத் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் கழுத்து ரத்தக்குழாய் வழியாகவும் கதீட்டர் எனும் மூன்று நான்கு ஒயர்களை இதயத்துக்குள் விடுவார்கள். நுனியில் உலோக வளையங்கள் இருக்கும். எந்த வளையத்துக்கு மின்சாரம் முதலில் வந்து சேருகிறதோ, கொக்கி அதன் பக்கத்தில் இருக்கிறது.

இதயத்தின் பின்புறமாகச் சுற்றிப் போகும் ஒயர்தான் முக்கியம். ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்று முறிந்துவிட்டது. புதியவை நான்கு மாதமாகக் கஸ்டம்ஸில் கிடக்கின்றன.

"நாம கொண்டு போனா வர்ற வியாழக்கிழமையே பாத்திருவாங்களாம். இல்லைன்னா தேதியே கெடையாதாம்."

"பாத்துச் சொல்றேன்."

"இதுல பாக்க என்ன தம்பி இருக்கு? இங்க சும்மாதானே கெடக்கு?"

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததே அருவருப்பாக இருந்தது. பரமசிவம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "முந்தா நேத்து பஸ்ஸுல விழுந்துட்டா. குடிச்சிருக்கான்னு கண்டக்டர் எறக்கி விட்டுட்டான். ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசல்ல கெடந்திருக்கா."

அந்த ஒயரை லண்டனிலிருந்து வாங்கி அனுப்பியது பூங்கோதையின் தம்பி. நோயாளி வீட்டார் வாங்கித் தந்ததைச் சோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். கழுவி, கிருமி கொல்லும் கேஸில் வைத்துச் சுத்தம் பண்ணி, அடுத்தவருக்குப் போடுவார்கள். அதற்கடுத்தவருக்கும் போடுவார்கள். மாசிலாமணி மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தான். அவளுக்குள் போய்வந்தது இன்னொருவருக்குள் போகும் என்று நினைத்தபோது ஓங்கரித்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. சோதனையில் இடம் தெரிந்துவிட்டது. இடதுபக்கம். ஆப்பரேஷனுக்குக் காத்திருந்த ஒன்பதாவது வாரம், ஒரு காலை, அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள்.

அலமாரியைத் திறந்தான். வைத்த இடத்தில் உறை இல்லை.

"அத்தை, இங்க ஒரு கவர் இருந்துச்சே?"

மாமியார் இந்திராணி காரியத்துக்கு வந்தவர், திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போகவில்லை. அவர் சமையலறை மூலையில் சாமி படங்களுக்குக் கீழே இருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தார்.

மாசிலாமணி மூடியைத் திறந்தான். நல்லெண்ணெய் சிக்குவாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஒயர் சுருண்டு கிடந்தது. தலை முதல் வால் வரை மஞ்சள் பூசியிருந்தது. நாலு வளையத்துக்கும் நாலு குங்குமப் பொட்டு. நடுவில் மஞ்சள் கயிறு கட்டி மல்லிகை வைத்திருந்தார். பூ அழுகி எண்ணெயில் ஊறிப் பழுப்பாகியிருந்தது. எறும்புகள் செத்து மிதந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் விட்டு வைக்கிறேன், மாப்ள."

"இது ஆஸ்பத்திரி சாமான்."

"எம்பிள்ளை நெஞ்சுக்குள்ள போயிட்டு வந்த சாமான். அவளைத்தான் எரிச்சுட்டீங்க. வேற என்ன இருக்கு எனக்கு?"

பரமசிவம் வந்த காரியத்தைச் சொன்னான். மாமியார் பேட்டா டப்பாவைக் காலால் தள்ளினார்.

"ஊரான் பிள்ளை ரத்தத்துல எம்பிள்ளையைக் கலக்கப் போறீங்களா?"

"கலக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கழுவித்தான் குடுப்பேன்."

"கழுவுவீங்க. நீங்க கழுவுவீங்க" என்றார் மாமியார். அதற்குமேல் தடுக்கவில்லை.

குளியலறையில் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷோடு குந்தினான். முதலில் எண்ணெய் வந்தது. பிறகு மஞ்சள் வந்தது, பிறகு குங்குமம். மூன்றாவது வளையத்தின் ஓரத்தில் பிரஷ்ஷுக்கு வராமல் ஒன்று ஒட்டியிருந்தது. பழுப்பு நிறம், கடுகில் பாதி. குங்குமம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினான். நகத்துக்குள் போனது. வெந்நீரில் இளகி, மங்கலாகச் சிவந்தது. அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் அன்று யாரும் ஒழுங்காகக் கழுவவில்லை.

அவன் அங்கேயே வாந்தி எடுத்தான். மத்தியானம் சாப்பிட்ட ராஜ்மா வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குந்தினான். ஹரித்வாரில் சாம்பலைக் கரைத்தபோது, படிக்கட்டு வழுக்குகிறதே என்று மட்டும்தான் தோன்றியது. இங்கே கரப்பான் பூச்சி ஓடும் சாக்கடை வாயில் அவள் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தாள், அவன் எடுத்த வாந்தியோடு சேர்ந்து. கையை எடுக்கலாம் என்று நினைத்தான். எடுக்கவில்லை. நாலாவது வளையத்தையும் தேய்த்தான்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டெக்னீஷியன் பாலசுப்ரமணியம், எல்லோருக்கும் பாலு, உறையைப் பிரித்து முகர்ந்தான்.

"என்ன சார், ரசம் வாசனை வர்றது?"

"பூஜையில வச்சிருந்தாங்க."

"சரிதான். கதீட்டருக்கு அபிஷேகம் பண்ணினது நம்மளவாளாத்தான் இருக்கும்." சிரித்தபடியே மீட்டரின் ஒயர் முனையை ஒவ்வொரு வளையத்திலும் வைத்துப் பார்த்தான். மூன்று தடவை முள் ஆடியது. நாலாவதில் ஆடவில்லை. மறுபடி வைத்தான். சிரிப்பு நின்றது. "எண்ணெய் உள்ளே இறங்கிடுத்து. ஒண்ணு போயாச்சு."

"அப்ப ஆகாதா?"

"மூணு இருக்கே. கிட்டக்கப் போயிட்டா மூணு போறும். தள்ளி இருந்ததுன்னா தேடணும். டாக்டர்கிட்ட சொல்றேன். இப்பவே கேஸுக்கு அனுப்பினாத்தான் வியாழனுக்கு ஆகும்."

வியாழக்கிழமை அவன் போகவேண்டிய அவசியமே இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பெஞ்சில் பரமசிவம் பிரெட் பக்கோடா தின்றுகொண்டிருந்தார். மீசையில் எண்ணெய் மினுங்கியது. உள்ளே மகளின் இதயத்தை வேண்டுமென்றே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஆளுக்கு எப்படி இறங்குகிறது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. பூங்கோதைக்குச் சோதனை நடந்த அன்றைக்கு இதே பெஞ்சில் அவனும் தின்றான். இரண்டு சமோசா.

"பயமா இருந்தா எனக்கு ரொம்பப் பசிக்கும் தம்பி" என்றார் பரமசிவம், கேட்காமலே.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருதரம் நர்ஸ் வெளியே ஓடிப்போய், ஒரு சிரிஞ்சோடு திரும்பி ஓடினாள். பரமசிவம் பக்கோடாக் காகிதத்தைக் கசக்கிக் கசக்கித் துகளாக்கினார்.

பாலு வந்தான். கையில் நீளமான காகிதம், இன்னொரு கையில் எனாமல் கிண்ணம்.

"கெடைச்சுடுத்து. பின்பக்கம். நம்ம மூணாவது வளையத்துக்கு நேரா. ஒரு தடவை ஷாக் குடுக்க வேண்டியிருந்தது, இப்போ நன்னா இருக்கா. தாகமா இருக்குன்னா."

பரமசிவம் காகிதத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய இடத்தில் கிண்ணம் இருந்தது. தண்ணீரில் ஒயர் சுருண்டிருந்தது. தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது.

"கழுவிக் குடுக்கட்டுமா, இப்படியே எடுத்துண்டு போறேளா?"

அவனுக்கு மறுபடி குமட்டியது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. கிண்ணத்தில் பூங்கோதை இல்லை. சரோஜினி நகரில் இருக்கும், தாகம் எடுக்கிற ஒரு பெண்ணின் ரத்தம். அவ்வளவுதான்.

"வேணாம். இங்கயே வச்சுக்கங்க."

"நெஜமாவா சார்? எழுதித் தரணும்."

எழுதிக் கொடுத்தான். பிறகு பரமசிவத்தின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். வியர்வை பிசுபிசுத்தது. விடவில்லை.

"ஆப்பரேஷனுக்கு மூணு மாசம் கழிச்சு வாங்கம்பாங்க. சரின்னு தலையாட்டிடாதீங்க. பிள்ளைய பெட்டுலேர்ந்து எறக்காதீங்க. விரட்டினாலும் போகாதீங்க."

பரமசிவம் அவனையே பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்றார். பெஞ்சில் மறுபடி, இந்தத் தடவை கால்களை அகட்டி, உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வெறும் எவர்சில்வர் டப்பாவைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்தீங்களா?"

"இல்ல. அங்கயே குடுத்துட்டேன்."

"சீ" என்றார். அந்த ஒரு சொல்தான். டப்பாவைக் கவிழ்த்துவைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஜி.டி. ரயில்ல எனக்கு டிக்கெட் போட்டுருங்க, மாப்ள" என்றார்.

"சரி."

உலை கொதித்தது. அவர் கஞ்சியை வடித்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு எடம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பின்பக்கம்."

"அறுக்கலாமாமா?"

"அறுக்கலாமாம்."

மாமியார் தட்டை வைத்துச் சோறு போட்டார். எதிரில் உட்காரவில்லை. மாசிலாமணி கையைப் பார்த்தான். நகத்துக்குள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. எழுந்து போய்க் கழுவ நினைத்தான். பிறகு அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டான்.