பதினேழாம் எண்

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் வரை போன முதல் ஆள் லோஜினி. பன்னிரண்டு வருஷமாக அவள் ஆராய்ந்தது ஒரு வகை ஆர்.என்.ஏ.யை. புரதம் எதையும் உருவாக்காததால், வெறும் குப்பை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது அது. அதில் ஒன்று, சிறுநீரகம் பழுதாவதை மற்றச் சோதனைகளுக்கு முன்பே இரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினாள்.

நிரூபிக்க இரத்தம் வேண்டும். சொந்தத் தோட்டத்துக்கே போனாள். ஊசியென்றால் ஓடுகிற பெண்கள்கூட, "நம்ம ஆண்டியப்பன் மகதான" என்று கையை நீட்டினார்கள். நாற்பது பேர். பதினேழாவது ஆள் பூரணி, அடுத்த வீட்டுக்காரி. சின்ன வயதில் லோஜினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள்.

"ஏதாச்சும் இருந்தா மறைக்காம சொல்லிரு புள்ள."

"சொல்லாம இருப்பேனாக்கா?"

ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம் எடுத்தாள். இரண்டாம் முறையே பதினேழாம் எண்ணில் அந்த ஆர்.என்.ஏ. ஒன்பது மடங்கு ஏறியிருந்தது. ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் ஓடினாள்.

"இன்னும் நிரூபிக்கேல்லையே. பொய்யெண்டா அந்த மனுசியை வீணாப் பயப்படுத்தினதாப் போகும்," என்றார் அவர்.

"உண்மையா இருந்தா, சேர்?"

"அப்பவும் சொல்லக்கூடாது. அவ மருந்தெடுத்தா நாங்கள் எப்பிடி நிரூபிக்கிறது?"

லோஜினியின் கையை யாரும் கட்டிப்போடவில்லை. பூரணிக்கு ஒரு போன் அடித்தால் போதும். ஆனால் ஆய்வு முடிந்து கட்டுரை வந்தால்தான் பல்கலைக்கழக வேலை நிரந்தரமாகும்; அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

மூன்றாம் முறை பூரணி கேட்டாள். "நல்லாருக்குக்கா" என்றாள் லோஜினி. நான்காம் முறை கணுக்கால் வீங்கியிருந்தது.

"இடுப்பு வலிக்குக் கடை மாத்திர தெனமும் போடுறேன் புள்ள. அதனால ஏதும் ஆகுமா?"

ஆகும் என்று லோஜினிக்குத் தெரியும். மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் முறை பூரணி ஆஸ்பத்திரியில் இருந்தாள், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். பாதிக் கண் திறந்து பார்த்தாள்.

"முன்னயே தெரிஞ்சிருந்தா மாத்திரையாவது நிப்பாட்டியிருக்கலாமாம். டாக்டர் சொன்னாரு. ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் வரவில்லை. "ரெண்டாவது தடவயே."

"அப்புறமும் ரெண்டு தடவ எடுத்தியே. இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தியா?"

லோஜினி ஆமென்று தலையசைத்தாள். பூரணியின் புருஷன் ஜீவராஜ் எழுந்து வெளியே போய்விட்டான்.

"எடுத்துக்க," என்று கையை நீட்டினாள் பூரணி. "எடுத்துட்டுப் போயிரு."

லோஜினி எடுத்தாள். குழாயில் பதினேழு என்று எழுதினாள்.

வைகாசியில் பூரணி செத்தாள். ஆய்வுக்கட்டுரை ஆவணியில் வந்தது, லோஜினியின் பெயர் முதலாவதாக. வேலையும் நிரந்தரமானது. அந்த வாரம் லயத்திலிருந்து அம்மா லெட்சுமி போன் அடித்தாள்.

"கொழுந்து பறிக்கிற மலையில ஒருத்திகூட எம்பக்கத்து நெரயில நிக்கிறதில்ல. குடிக்கத் தண்ணி கேட்டாக் குடுக்கிறதில்ல. அப்படி நீ என்னதான் செஞ்ச?"

லோஜினி சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா போனை வைத்தாள். அதற்குப் பிறகு லோஜினி செய்த எந்த அழைப்புக்கும் லயத்தில் பதில் இல்லை.