மூன்றாவது வரிசை

தடால்! குட்டியானை வண்டியின் பின்கதவு திறந்து விழுந்த சத்தத்தில், அஜீஸா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

வண்டி நிறைய குரோட்டன்ஸ் தொட்டிகள். கேட்ட நாற்பதும் இருந்தன. நாற்பதும் பச்சை.

பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கிய கணவர் ஜாபருக்கு முகமெல்லாம் பெருமை. "எப்படி? நானே நின்னு ஏத்துனேன். வெள்ளைப் பந்தலுக்கு ரெண்டு பக்கமும் வச்சா ஜம்முனு இருக்கும்ல?"

கேலி செய்கிறாரா? அஜீஸாவுக்கு விளங்கவில்லை.

மகள் அஃபீபா படியிறங்கி வந்து பார்த்தாள். "அத்தா, நான் செவப்புதானே கேட்டேன்?"

ஜாபர் செடிகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பெருமை எங்கே போனதென்றே தெரியவில்லை. "பச்சைன்னா கண்ணுக்குக் குளிர்ச்சி சாமி," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார். கழுவிய காலையே மறுபடியும் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை அஃபீபாவுக்கு நிச்சயம். ராசிபுரத்திலிருந்து மாப்பிள்ளை ஷஹ்பாஸ் வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள். பெண் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று, சிவப்புச் செடி. வேறு யாராவது தவறியிருந்தால் போகிறதென்று விடலாம். குமாரபாளையத்தில் 'கலர் பாய்' என்றால் இவர்தான். அவரிடம் சாய நூல் வாங்க வருகிற தறிக்காரர்கள், "கலர் பாய் எடுத்துக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்பார்கள். அந்த மனிதருக்கா சிவப்பு தெரியாது?

அப்படியானால் வேண்டுமென்றே செய்தாரா? சம்பந்தம் பேசிய அன்று, "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே" என்று ஒரு வார்த்தை விட்டார். அந்த வார்த்தை இப்போது முள்ளாகத் திரும்பி வந்து குத்தியது. பிடிக்காத சம்பந்தத்தை வாயால் சொல்லாமல் இப்படிக் காட்டுகிறாரோ? அப்படி உள்ளொன்று வைத்துப் பழகுகிற ஆளும் இல்லையே!

"வண்டியத் திருப்பச் சொல்லுங்க. நானும் வாரேன்," என்றாள்.

பள்ளிபாளையம் சாலையில் இருந்தது நர்சரி. திரும்பி வந்த வண்டியைப் பார்த்து முதலாளி நாச்சிமுத்து திகைத்துப் போனார்.

"ஏனுங்க பாய், செடி வாடிப் போச்சுங்களா?"

"செவப்பு கேட்டா பச்சையக் குடுத்திருக்கீங்க," என்றாள் அஜீஸா.

"நான் எங்கீங்க குடுத்தேன்? போன வாரமே பாய்க்குச் செவப்பு எதுன்னு காட்டிட்டனுங்க. இன்னைக்கு நான் ஊட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவரே மூணாவது வரிசைன்னு சொல்லி ஏத்திக்கிட்டாருங்க."

"மூணாவதுல செவப்பு இல்லையே?"

"அன்னைக்கு இருந்துச்சுங்க. மேல நிழல் வலை கிழிஞ்சிருச்சுன்னு நேத்து அத அஞ்சாவதுக்கு மாத்திட்டுப் பச்சைய அங்க வச்சோம். வரிசை மாறுனா என்னங்க, செடி கண்ணுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் நாச்சிமுத்து.

ஜாபர் சிரிக்கவில்லை.

அஜீஸா திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது வரிசை பத்தடி தூரத்தில் ரத்தச் சிவப்பாய் நின்றது. அதைத் தாண்டித்தானே நடந்திருப்பார்! டீ வந்ததும் நாச்சிமுத்து அந்தப் பக்கம் போக, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, மறைக்காமச் சொல்லுங்க. ஷஹ்பாஸ் உங்களுக்குப் பிடிக்கலையா? நிச்சயத்த நிறுத்தணுமா?"

"அல்லாவே! தங்கமான பையன். யாரு சொன்னா பிடிக்கலன்னு?"

"அப்ப இது என்ன வேலை?"

ஜாபர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அவள் விறுவிறுவென்று போய், மூன்றாவது வரிசையில் ஒரு தொட்டியும் ஐந்தாவது வரிசையில் ஒரு தொட்டியும் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"செவப்ப எடுத்து வண்டியில வைங்க. போலாம்."

ஜாபர் குனிந்தார். ஒரு இலையைத் தடவினார். அடுத்த தொட்டியின் இலையையும் தடவினார். தொட்டியைச் சுற்றித் திருப்பி அடிப்பக்கம் வரை பார்த்தார். காது மடலோரம் வேர்வை வழிந்தது. வீட்டில் எந்தச் சேலை எடுத்தாலும், "உனக்குப் பிடிச்சத நீயே எடு" என்று கடைக்கு வெளியே நின்றுகொள்ளும் மனிதர். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டி கிளம்பினால்தான் தானும் கிளம்புகிற மனிதர். அஜீஸா அவர் பக்கத்தில் குந்தினாள்.

"ஏங்க..."

அவர் நிமிரவில்லை. நாச்சிமுத்து தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இருபத்திநாலு வருசமா நூல் கோன்ல ஒட்டியிருக்கிற நம்பரப் பாத்துத்தான் கலர் சொல்றேன், அஜீஸா... இந்தச் செடியில ஒண்ணும் எழுதலையே."