கார்க் கதவு திறந்து கிடந்தது

1

வாகீசன் ஓடினான். கார்க் கதவைச் சாத்தவில்லை. பின்சீற்றில் கிடந்த தண்ணீர்க் கலனை எடுக்கவில்லை. கொதிக்கிற செம்மண்ணில், ஒற்றைச் செருப்போடு, முள்ளுப் பற்றைகளை நோக்கி ஓடினான். அவனைத் துரத்திக்கொண்டு வந்தது—

(இங்கே பேனா நின்றுவிட்டது. என்ன வந்தது என்று எனக்கே தெரியாது.)

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசகரே. வாகீசன் என் மச்சான். என் மனைவி கௌசியின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து அவுஸ்திரேலியா போய் ஐந்து மாதம்தான். பழம் பிடுங்கும் வேலைக்கென்று நண்பன் வின்சன்றின் காரை இரவல் வாங்கி, ஆளரவமற்ற பாலைவனப் பாதையில் தனியே போனவன், போய்ச் சேரவில்லை. இன்று காலை வின்சன்ற் போன் எடுத்தான். கார் அகப்பட்டுவிட்டது. டயர் மணலில் புதைந்திருக்கிறது. தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. ஆளில்லை. காலடிகள் ஓடிப்போயிருக்கின்றன.

வெளியே, கனடாவின் மார்க்கம் நகர் முழுக்கப் பனி. அடுத்த போன் வரும்வரை கௌசி துடைத்த அடுப்பையே துடைக்கிறாள். நான் எழுதுகிறேன். பத்திரிகைத் தொடர்கதையில் வாராவாரம் யாரையாவது ஓடவிட்டுப் பழகிய கை.

3

தொடக்கம் இரண்டு: சீறிக்கொண்டு வந்தது ஒரு கரும்பாம்பு—

கௌசி தோளுக்கு மேலால் வாசித்தாள். "பாம்புக்குப் பயந்து ஆரும் தண்ணியை விட்டிட்டு உவ்வளவு தூரம் ஓடுவினமே?"

தொடக்கம் மூன்று: துவக்கை நீட்டிக்கொண்டு ஒரு முரடன்—

"ஓராளின்ரை தடம்தான் கிடக்குதாம். உங்கட முரடனுக்குக் காலே இல்லையோ?"

"அப்ப நீர் சொல்லும். ஏன் ஓடினவன்?"

"தெரியேல்லை. என்ன நடந்தாலும் காரை விட்டு இறங்காதை எண்டு வின்சன்ற் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் விட்டவன்."

[எங்கள் வீட்டுக்கு மேலால் சின்ன விமானம் ஏதும் தாழப் பதிந்து போனால், கௌசி கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நிற்பாள். நான் போர் தொடங்குமுன், எண்பத்திரண்டிலேயே ஊரை விட்டவன், கேலி செய்வேன். கதைக்குச் சம்பந்தமில்லாத பந்தி. அடித்துவிட வேண்டும்.]

4

முடிவு அ: உயிரோடு.

முடிவு ஆ:

கௌசி தாளைப் பறித்துக் கிழித்தாள். அதேநேரம் போன் அடித்தது. வின்சன்றின் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, அழாதேங்கோ. நேற்று முழுக்க ஒரு பிளேன் பதிஞ்சு பதிஞ்சு சுத்தித் தேடினது. அதுதான் காரையும் கண்டுபிடிச்சது. இப்ப இஞ்ச விடிஞ்சிட்டுது. இன்னும் ரெண்டு பிளேன் விடுகினம்."

கௌசி போனுக்குள் கத்தினாள்.

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லு! பிளேனை நிப்பாட்டச் சொல்லு, வின்சன்ற்!"

"என்னக்கா சொல்லுறியள்?"

"குண்டு போட வருகுது எண்டெல்லோ அவன் நினைப்பான்! சத்தம் கேட்டா வாகனத்தை விட்டிட்டுப் பத்தைக்குள்ள படு எண்டு சின்னனிலயே சொல்லிக் குடுத்தது நான்தான். கிட்ட வர வர உள்ளுக்கை உள்ளுக்கை ஓடுவானடா!"



5

அடைப்புக்குறிப் பந்தியை நான் அடிக்கவில்லை. 'அ'வா 'ஆ'வா என்பதை எழுதவும் மாட்டேன். அது உங்கள் கையில். அறுந்து நிற்கும் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் முடித்துவைக்கிறேன்.

அவனைத் துரத்திக்கொண்டு வந்தது, அவனைக் காப்பாற்ற வந்த விமானம்.