ஏழு நடை

அறக்கட்டளை அலுவலகத்தில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். வைத்துக்கொண்டது அவனேதான், மற்றவர்கள் மறந்துவிடாதபடி அவ்வப்போது நினைவுபடுத்தவும் செய்வான். எந்தத் திட்டம் மனிதர்களுக்கு அதிக நன்மை செய்கிறது என்று மதிப்பெண் போடுவது அவன் வேலை. அந்த வருஷம் அவனுடைய செல்லப்பிள்ளை கழுதைத் திட்டம்.

குன்றுச் சரிவில் வீடுகள், அடிவாரத்தில் குழாய். பெண்கள் பாதி நாளைத் தண்ணீர் கேன் தூக்கியே தீர்த்தார்கள். ஒரு கழுதை நான்கு கேன் சுமக்கும். ஒரு நடை போனால் ஒரு வீட்டுக்கு அன்றைய தண்ணீர். ஏழு நடை போனால் ஏழு வீடு. இந்த ஏழுதான் கழுதைத் திட்டத்தை மற்ற எல்லாத் திட்டங்களுக்கும் மேலே தூக்கி உட்கார வைத்திருந்தது. மறுநாள் கூட்டம். அதில் சரி என்றால், எதிர்க்குன்றில் முந்நூற்றைம்பது வீடுகளுக்கும் ஐம்பது கழுதைகள் போகும். வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு, வரும் மாதம் வந்துவிடும் என்று அவனே வாயால் சொல்லிவிட்டும் வந்திருந்தான்.

அறிக்கையில் கடைசியாக நாலு வரி நல்ல வார்த்தை சேர்க்கலாமென்று தையல்காரம்மா வீட்டுக்குப் போனான். முதல் கழுதைகளில் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள். காலையிலேயே மிஷின் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் வகுப்புக்குப் போகிறாள். எல்லாம் நிஜம்தான். அவன் சந்தோஷமாக எழுதிக்கொண்டான்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று கேட்டான். வேளாவேளைக்குத் தின்றுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதால் கழுதைக்கு அவள் வைத்த பெயர் அது.

மிஷின் நின்றது. மாப்பிள்ளை தூங்குகிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். பட்டப்பகலில் கழுதை தூங்குமா என்று சிரித்துக்கொண்டே அவன் கொட்டகைக்குள் போனான்.

அது நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தது. முதுகில் சீருடைத் துணியை மடித்து மெத்தை மாதிரி தைத்துப் போட்டிருந்தாள். மெதுவாக எடுத்தாள். இரண்டு கை அகலத்துக்குப் புண். ஈ மொய்த்தும் கழுதை உடம்பைச் சிலிர்க்கவில்லை. அந்தத் தெம்புகூட இல்லை.

அந்தப் புண் அவனுக்குப் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு முன் அட்டைப் படத்துக்காக எடுத்த போட்டோவில், ரூபாய்க் காசு அகலத்தில் அது இருந்தது. பார்த்தான். படம் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறதென்று கழுத்தோடு வெட்டிவிட்டான். மூஞ்சி மட்டும் அழகாக வந்திருப்பதாக அலுவலகமே பாராட்டியது.

"மருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன் சார். திருப்பி வாங்கிட்டுப் போயிடாதீங்க."

"ஏழு நடை எதுக்கும்மா ஓட்டணும்?"

"நீங்கதானே சொன்னீங்க, மேல் தெருவுல ஏழு போறாங்கன்னு. நாங்க அப்போ மூணுதான் போய்ட்டிருந்தோம். குறைச்சலா சொன்னா நல்லாவா இருக்கும்?"

மேல் தெருவில் யாரும் ஏழு நடை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நூற்றுக்கு நூறு என்று பிள்ளையை உசுப்பேற்றுவதுபோல அவன் சும்மா அடித்துவிட்டது அது. மேல் தெருவில் கீழ்த் தெருவைச் சொன்னான், கீழ்த் தெருவில் மேல் தெருவை. அடுத்த முறை போனபோது எல்லா வீட்டிலும் ஏழு. 'வியக்கத்தக்க ஒற்றுமை' என்று அறிக்கையில் எழுதியிருந்தான் கணக்குப்புலி.

"எத்தனை நடைன்னா இது தாங்கும்?"

"மூணு." யோசிக்கக்கூட இல்லை. "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க எங்களைப் பத்தித்தானே கேட்டீங்க."

கேட்டிருந்தான். நாற்பத்திரண்டு கேள்விகள். இடுப்பு வலி குறைந்ததா, பிள்ளை படிக்கிறதா, வீட்டில் சண்டை குறைந்ததா என்பது வரை. கழுதையைப் பற்றி ஒரே கேள்வி: உயிருடன் உள்ளதா? ஆம், இல்லை.

மறுநாள் கூட்டத்தில் ஏழு என்பதை அடித்துவிட்டு மூன்று என்று போட்டான். ஏன் என்பதையும் சொன்னான். விலங்குகளைப் பார்த்துக்கொள்ள வேறு அறக்கட்டளைகள் இருக்கின்றனவே, நம் கணக்கில் அது எதற்கு என்றார் ஒருவர். போன வாரம்வரை அவனும் அதையேதான், இன்னும் நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "புண்ணு உங்களுக்கு நேத்துதான் தெரியுமா?"

வாயில் ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"இல்ல மேடம். மூணு மாசம் முன்னாடியே தெரியும். படத்துல இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தைப் பார்த்து முடிவைச் சொன்னார். கழுதைகளுக்கு வைத்தியம், எங்கும் மூன்று நடைக்கு மேல் கூடாது, எதிர்க்குன்றுக்கு ஐம்பதுக்கு மேல் வாங்க வழியில்லை. ஆக நூற்றைம்பது வீடு. மீதி இருநூறு வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டார். எல்லோரும் காகிதத்தைப் புரட்டினார்கள்.

"நான் போறேன்," என்றான்.

எதிர்க்குன்றில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். சிலர் திட்டினார்கள், ஒருவர் தேநீர் கொடுத்தார், அது இன்னும் மோசம். பாதி வழியில், கழுதை கிடைக்காதவர்கள் பட்டியலில் இருந்த இஸ்திரிக்காரம்மா கீழிருந்து ஏறி வந்தாள், கைக்கொரு கேனோடு. அவளை அங்கேயே நிறுத்திச் சொன்னான். கழுதையின் முதுகைப் பற்றியும் சொன்னான். கழுதைக்காக மனுஷியை விட்டுவிட்டாயா என்று கேட்பாள், அதற்கு என்ன பதில் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

அவள் கேன்களை இறக்கி வைத்தாள். உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"முதுகு புண்ணானா அது எப்படிச் சுமக்கும்? அது சரிதான்," என்றாள். "ஆனா அதைக் கணக்குல சேர்த்துட்டு வந்திருந்தா, அன்னிக்கு என் பேரை எழுதியிருக்க மாட்டீங்கல்ல. நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்."

ஒரு கேனையாவது தூக்கித் தரட்டுமா என்று கேட்டான்.

"வேணாம் சார். நாளைக்கு யார் தூக்குவாங்க?"

பாதை குறுகல். அவள் போவதற்காக அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.